நேரியலற்ற மின்னியக்கவியலில் கருந்துளையும் ஒளியும்

நேரியலற்ற மின்னியக்கவியல் என்பது மாக்சுவெல்லின் சமன்பாடுகளை மிக வலிமையான மின்காந்தப் புலங்களுக்கு விரிவாக்கும் கோட்பாடுகளின் பொதுப்பெயர் ஆகும். வெர்னர் ஐசன்பர்க்கும் ஆன்சு ஆய்லரும் 1936 இல் இத்தகையதொரு கோட்பாட்டை வெளியிட்டனர்.

மாக்சுவெல்லின் கோட்பாட்டில், வெற்றிடத்தில் செல்லும் ஒளியை வேறொரு மின்காந்தப் புலம் பாதிப்பதில்லை. நேரியலற்ற கோட்பாடுகளில் பாதிக்கும். எனவே மின்னேற்றமுள்ள கருந்துளைக்கு அருகே ஒளியின் பாதையை ஈர்ப்புடன் மின்புலமும் நேரடியாக மாற்றுகின்றது. இப்பாதை ‘பயனுறு வடிவியல்’ எனும் திருத்தப்பட்ட காலவெளி வடிவியலைக் கொண்டு கணிக்கப்படுகின்றது.

மின்னேற்றமற்ற, சுழலாத கருந்துளையில் ஒளி வட்டமாகச் சுற்றக்கூடிய ஆரம், நிகழ்வெல்லை ஆரத்தின் 1.5 மடங்காகும். மின்னேற்றம் இருப்பின், இவ்வாரமும் கருந்துளை நிழலின் அளவும் கோட்பாட்டுக்குக் கோட்பாடு வேறுபடும். ஆகவே 2019 இல் வெளியான எம்87 கருந்துளைப் படம் போன்றவை இக்கோட்பாடுகளைச் சோதிக்க உதவக்கூடும். எனினும் இயற்கையிலுள்ள கருந்துளைகளின் மின்னேற்றம் மிகக் குறைவெனக் கருதப்படுவதால், இவ்விளைவைக் கண்டறிதல் கடினம்.