ரிப்போர்ட்டில் அந்த எண் எங்கே?

வயிறும் இடுப்பும் சேர்த்து சிடி ஸ்கேன் எடுத்து முடித்ததும், கன்ட்ரோல் அறைத் திரையில் சிறிய அட்டவணை ஒன்று வரும். ஸ்கேனின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வரி. கடைசியில் 'டிஎல்பி' (கதிர்வீச்சு அளவை ஸ்கேன் செய்த நீளத்தால் பெருக்கிய எண்) என்று கூட்டுத்தொகை. அது 600 என்றால் 0.015-ஆல் பெருக்குங்கள். நோயாளி வாங்கிய கதிர்வீச்சு ஏறத்தாழ 9 மில்லிசீவர்ட். இயற்கையிலிருந்து ஓர் ஆண்டுக்கு உலக சராசரியாக ஒருவருக்குக் கிடைப்பது 2.4 மட்டுமே. அட்டவணை மெஷினிலேயே தங்கிவிடுகிறது. நோயாளியின் கைக்கு வருவது பிலிமும் ரிப்போர்ட்டும்தான்.

இடுப்புக்குக் கவலை கூடுதல். தடித்த சதையையும் எலும்பையும் கதிர் துளைத்துச் செல்ல வேண்டும் என்பதால், இடுப்புக்கு எடுக்கும் சாதாரண எக்ஸ்ரேயே நெஞ்சு எக்ஸ்ரேயைப்போல சுமார் 30 மடங்கு. சினைப்பை, கருப்பை, பெருங்குடல், ரத்தம் ஊறும் எலும்பு மஜ்ஜை எல்லாம் அந்த வழியில்தான் இருக்கின்றன.

பிரிட்டனில் ஒரு காலத்தில், பிரசவத்துக்கு வழி போதுமா என்று பார்க்கக் கர்ப்பிணிகளின் இடுப்பை எக்ஸ்ரே எடுத்தார்கள். கருவிலேயே கதிர் பட்ட குழந்தைகளிடம் புற்றுநோய் அதிகம் என்று 1956-ல் ஓர் ஆய்வு சொன்னது. மருத்துவ உலகம் அதை ஏற்கப் பல ஆண்டுகள் பிடித்தன.

இன்று என்னை உறுத்துவது, திரும்பத் திரும்ப எடுப்பது. சிறுநீரகக் கல் உள்ள இளைஞர் வலி வரும்போதெல்லாம் 'சிடி கேயூபி'க்கு, அதாவது சிறுநீரகம், சிறுநீர்க்குழாய், சிறுநீர்ப்பையைப் பார்க்கும் சிடி ஸ்கேனுக்கு அனுப்பப்படுகிறார். ஆஸ்பத்திரி மாறினால், "பழசு வேண்டாம், புதுசா எடுத்துட்டு வாங்க" என்கிறார்கள். சுற்றுக்குச் சுற்று கதிர்வீச்சு ஏறுகிறது. மொத்தக் கணக்கு யாரிடமும் இல்லை.

ஒரு ஸ்கேனால் வரும் ஆபத்து மிகச் சிறியது, பயந்து தவிர்த்தால் நோயே முற்றிவிடும் என்பது கதிரியல் மருத்துவர்களின் வாதம். அதுவும் சரிதான். ஆனால் சிறியது என்றால் அதை எழுதிக் கொடுப்பதில் என்ன தயக்கம்?

அல்ட்ராசவுண்டில் தெரியுமா, குறைந்த கதிர்வீச்சில் எடுக்க முடியுமா, எத்தனை சுற்று என்று டாக்டரிடம் கேளுங்கள். மாதவிலக்கு தள்ளிப்போயிருந்தால் டெக்னீஷியனிடம் முதலில் அதைச் சொல்லுங்கள். பழைய சிடி ஸ்கேன் பிலிமையும் ரிப்போர்ட்டையும் தூக்கிப் போடாதீர்கள். ரத்தச் சர்க்கரை அளவை அச்சிட்டுத் தரும் ஊரில், டிஎல்பி அளவையும் ரிப்போர்ட்டின் கடைசி வரியில் அச்சிட்டுத் தர வேண்டும். அதைச் சட்டமாக்க வேண்டும்.