குடிபுகும் உரிமை

வானம் பார்த்த கரிசல் பூமியில் பிறந்தவனுக்குப் பிழைப்புத் தேடி ஊர் விட்டுப் போவது புதிதன்று. போகும் விதந்தான் மாறியிருக்கிறது. பாட்டன் கங்காணியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு இலங்கைக்குக் கப்பலேறினான். பேரன் இன்று விருதுநகரிலோ சிவகாசியிலோ தன் வீட்டில் இருந்தபடியே பட்டத்தையும் பரீட்சை மதிப்பெண்ணையும் கணினியில் ஏற்றிவிட்டு, கானடா சர்க்காரின் அழைப்புக்காகக் காத்திருக்கிறான். பாட்டனைக் கூலி என்றார்கள். பேரனைத் திறமையாளன் என்கிறார்கள். ஆனால் இருவரும் கேட்டது ஒன்றே: “உங்கள் மண்ணில் நான் நிலையாக வாழ இடமுண்டா?” இந்தக் கேள்விக்கு ஒரு தேசம் எவ்விதம் பதில் சொல்ல வேண்டும் என்பதே இன்று நாம் ஆராய விரும்பும் விஷயம்.

கானடா எப்பொழுதும் இன்றுபோல் இருந்ததில்லை. பிறந்த தேசத்திலிருந்து இடையில் எங்கும் தங்காமல் நேரே பிரயாணம் செய்து வருபவர்களையே அனுமதிப்பதென்று 1908-இல் அது விதி செய்தது. இந்தியாவிலிருந்து அப்படிப் போக அன்று வழியே இல்லை. விதியின் நோக்கமும் அதுவே. 1914-இல் கோமகதா மாரு என்னும் கப்பலில் வான்கூவர் துறைமுகத்தை அடைந்த 376 பிரயாணிகளில் மிகச் சிலரைத் தவிர ஏனையோர் இரண்டு மாத காலம் கப்பலிலேயே சிறைப்பட்டுத் திருப்பியனுப்பப்பட்டனர். தாய்நாட்டில் பட்ஜ்பட்ஜ் கரையில் அவர்களை வரவேற்றது துப்பாக்கிக் குண்டு. அதே கானடா 1967-இல் நிறத்தையும் பிறப்பையும் பாராமல் கல்வி, மொழி, வயது முதலியவற்றுக்கு மதிப்பெண் இட்டு ஆளைத் தேர்ந்தெடுக்கும் முறையை ஏற்படுத்தியது. 2016-இல் அதன் பிரதம மந்திரி கோமகதா மாரு அநீதிக்காகப் பார்லிமெண்டில் மன்னிப்பும் கேட்டார். இம்மாறுதல் தானே விளைந்ததன்று. பல்லாண்டுக் கிளர்ச்சியின் பலன்.

இன்றுள்ள முறையை நம் இளைஞர்கள் தாமே அறிந்திருக்க வேண்டும். 2015 முதல் விண்ணப்பங்கள் ‘எக்ஸ்பிரஸ் என்ட்ரி’ என்னும் ஏற்பாட்டின் வழியே செல்கின்றன. திறமைத் தொழிலாளர் திட்டத்தில் சேர முதலில் 100-க்கு 67 மதிப்பெண் வேண்டும். மொழிக்கு 28, கல்விக்கு 25, அனுபவத்துக்கு 15, வயதுக்கு 12, நிச்சயமான வேலைக்கு 10, ஒத்து வாழும் தகுதிக்கு 10 என்பது கணக்கு. வயதுக்குரிய முழு மதிப்பெண் 35 வரையில்தான். 47-ல் அது சூன்யமாகிவிடும். இவ்வாயிலைக் கடந்தவர்களை 1,200 மதிப்பெண் கொண்ட மற்றொரு பட்டியலில் வரிசைப்படுத்தி, மேலிருப்பவர்களை அழைக்கிறார்கள். அழைப்பு வந்தால் 60 நாட்களுக்குள் எல்லாத் தஸ்தாவேஜுகளையும் சமர்ப்பிக்க வேண்டும். ஆகவே பட்டத்தின் மதிப்பீடும் மொழிப் பரீட்சையும் போலீஸ் சான்றும் முன்னரே கையில் இருப்பது விவேகம்.

இம்முறையில் குறையே இல்லையா? உண்டு. திறமை என்பதை அளப்பவர் யார், எதைக் கொண்டு அளக்கிறார் என்பது பழைய கேள்வி. 1922-ஆம் வருஷத்து இந்தியக் குடிபெயர்ச்சிச் சட்டமே திறமையான வேலை, திறமையற்ற வேலை என்று மனிதர்களை இரண்டாகப் பிரித்தது. சிவகாசியின் சரித்திரத்தைப் பாருங்கள். 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தனர். அவர்கள் கொணர்ந்தது பட்டமன்று, தொழில். அதிலிருந்து தீப்பெட்டியும் பட்டாசும் அச்சும் கிளைத்து, வறண்ட ஊர் ஒன்று தேசமெங்கும் பெயர் பெற்றது. திரி கிள்ளியும் சரம் பின்னியும் தீக்குச்சி அடுக்கியும் பிள்ளையைப் பொறியியற் கல்லூரிக்கு அனுப்பிய தாயின் கைத்திறமைக்கு உலகத்தின் எந்தப் பட்டியலிலும் ஒரு மதிப்பெண்ணும் இல்லை. மின்வேலை, பற்றவைப்பு, குழாய்வேலை முதலிய சில கைத்தொழில்களுக்குக் கானடாவில் தனித் திட்டம் ஒன்று உண்டு. அதற்கும் இரண்டு வருஷ அனுபவத்தோடு, அந்நாட்டு வேலை உறுதியோ அந்நாட்டுத் தகுதிச் சான்றோ வேண்டும். நம் பட்டறைகளில் பத்து வருஷம் உழைத்தவனிடமோ, செய்த வேலைக்கு ஒரு துண்டுக் காகிதமும் இராது. முதலாளிமார் அனுபவச் சான்று எழுதிக் கொடுப்பதும், சர்க்கார் கைத்திறமையைப் பரீட்சித்துப் பிற நாடுகள் ஒப்பும் சான்று வழங்குவதும் உடனே நடக்கவேண்டிய காரியங்கள்.

அறியாமை உள்ள இடத்தில் தரகன் முளைப்பான். “வேலைக் கடிதம் வாங்கித் தருகிறேன், மதிப்பெண் தானாக ஏறும்” என்று சொல்பவனை நம்பி நகையை அடகு வைப்பது, மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்குவதாகும். போலிக் கடித வியாபாரத்தைத் தடுக்கவே, வேலைக் கடிதத்துக்குப் போட்டிப் பட்டியலில் அளித்துவந்த கூடுதல் மதிப்பெண்ணைக் கானடா 2025 மார்ச் 25 முதல் நீக்கிவிட்டது. மனுவில் பொய் கண்டால் ஐந்து வருஷத்துக்குக் கதவு அடைபடும். தண்டனை மனுதாரனுக்கே, தரகனுக்கு அடுத்த ஆள் அகப்படுவான். கூலி பெற்றுக்கொண்டு மனுவை நடத்தும் உரிமை, அந்நாட்டு வக்கீல்களுக்கும் அங்கே அனுமதி பெற்ற ஆலோசகர்கள் முதலியோருக்குமே உண்டு. அனுமதி உண்டா என்று கேட்பதற்கு நம்மவர் கூச வேண்டுவதில்லை.

கரையேறிய பின்பும் பரீட்சை முடிவதில்லை. ஸ்திரவாச உரிமை நிலைக்க ஐந்து வருஷத்தில் 730 நாட்களாவது அங்கே வாழ வேண்டும். மருத்துவம், செவிலி, பொறியியல் முதலிய தொழில்களுக்கு அந்தந்த மாகாணத்தில் தனி அனுமதி வேண்டும். எந்தத் தொழிலுக்காக மதிப்பெண் கொடுத்து அழைத்தார்களோ அந்தத் தொழிலையே உடனே செய்யவிடாத விந்தையை வந்தவன் அங்கே காண்கிறான். ஐந்து வருஷத்தில் 1,095 நாட்கள் வாழ்ந்தால் பிரஜா உரிமை கோரலாம். ஆனால் அந்நாட்டுப் பிரஜையாகும் கணமே இந்தியப் பிரஜா உரிமை அற்றுவிடும். நமது சட்டம் இரண்டை ஒப்புவதில்லை. அதற்குப் பதிலாகக் கிடைக்கும் கடல்கடந்த இந்தியர் அட்டை கொண்டு வந்து போகலாம். வாக்களிக்க முடியாது, விவசாய நிலம் விலைக்கு வாங்கவும் முடியாது. காரியாபட்டியிலோ சாத்தூரிலோ நாலு ஏக்கர் கரிசலை நினைத்துக்கொண்டு போகிறவன் இதை அறிந்து போகட்டும்.

இத்தனை கடுமை இருப்பினும் அங்கே விதி வெளிப்படையானது, நிறைவேற்றக் கூடியது. நிறைவேற்ற முடியாதபடி விதி செய்தால் என்ன நேரும் என்பதற்கு இலங்கையே சாட்சி. அந்நாளைய இராமநாதபுரம், மதுரை, திருச்சி, சேலம் ஜில்லாக்களிலிருந்து போய் மலையைத் தோட்டமாக்கிய நம்மவரை, 1948-ஆம் வருஷத்துப் பிரஜா உரிமைச் சட்டம் ஒரே வீச்சில் நாடற்றவர்களாக்கியது. 1949-இல் மற்றொரு சட்டம் வந்தது. மணமானவர் 7 வருஷமும் மணமாகாதவர் 10 வருஷமும் இடைவிடாது வசித்ததை ருஜுப்பிக்க வேண்டும். இரண்டு வருஷத்துக்குள் மனுப் போட வேண்டும். லயத்தில் வாழ்ந்த தொழிலாளி தஸ்தாவேஜுக்கு எங்கே போவான்? இலங்கை இந்தியக் காங்கிரஸ் முதலில் சட்டத்தைப் பகிஷ்கரித்தது; பின்னர் மனுப் போடும்படி ஜனங்களைத் தூண்டியது. கெடு தீரும் தறுவாயில் மனுக்கள் குவிந்தன. சுமார் 8 லக்ஷத்து 24 ஆயிரம் பேருக்காக விண்ணப்பிக்கப்பட்டது. உரிமை பெற்றவர்கள் சுமார் 1 லக்ஷத்து 34 ஆயிரம் பேரே. எஞ்சியவர்களை 1964-இல் சாஸ்திரியாரும் ஸ்ரீமாவோ அம்மையாரும் எண்ணிக்கையாகப் பங்கிட்டனர்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, 1,50,000 பேரைப் பற்றிப் பின்னால் பேசிக்கொள்வதென்று. மனிதனைக் கேளாமல் செய்த பங்கீடு இது. இலங்கையில் அவர்களுடைய நாடற்ற நிலைமை முற்றிலும் தீர 2003-ஆம் வருஷத்துச் சட்டம் வரையில் காத்திருக்க நேர்ந்தது.

பிறர் குற்றத்தைச் சொல்லி முடித்துவிட்டால் நாம் நேர்மையானவர்கள் ஆகமாட்டோம். விருதுநகரிலிருந்து சிறிது தொலைவில், குல்லூர்சந்தையில் இலங்கைத் தமிழர் முகாம் ஒன்று இருக்கிறது. 1983-இல் மூண்ட கலவரத்துக்குப் பின் கடல் தாண்டி வந்தவர்களும், இம்மண்ணிலேயே பிறந்த அவர்கள் பிள்ளைகளும் இத்தகைய முகாம்களில் தமிழ்நாடெங்கும் ஐம்பதினாயிரத்துக்கு மேல் வாழ்கின்றனர். 2021-இல் ‘மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாறியது. 2019-ஆம் வருஷத்துப் பிரஜா உரிமைத் திருத்தச் சட்டம் மூன்று அண்டை நாடுகளைப் பெயர் சொல்லிற்று, இலங்கையைச் சொல்லவில்லை. 2015 ஜனவரி 9 வரையில் வந்து பதிவு செய்துகொண்டவர்களைத் தண்டனையினின்று விலக்கி 2025-இல் மத்திய சர்க்கார் உத்தரவிட்டது. இதை நாம் வரவேற்கிறோம். ஆனால் தண்டிக்காமல் விடுவது வேறு, குடியுரிமை தருவது வேறு. அந்நிய முதலாளி 18 மாதத்தில் 10 கோடி ரூபாயோ 36 மாதத்தில் 25 கோடி ரூபாயோ போட்டால் ஸ்திரவாசம் தருவதென்று 2016-இல் முடிவு செய்த நமது தேசத்தில், நாற்பது வருஷம் வாழ்ந்தவனுக்கு எழுதப்பட்ட விதி ஒன்று இல்லையென்பது நியாயமா?

தகுதி இன்னது, காலம் இத்தனை, மனுப் போடும் இடம் இது, மறுத்தால் காரணம் சொல்லி அப்பீலுக்கு இடம் கொடு — இவ்வளவே நாம் கேட்பது. கானடாவிடம் நம் பிள்ளை எதிர்பார்க்கும் நியாயம் இது. குல்லூர்சந்தைப் பிள்ளை நம்மிடம் எதிர்பார்ப்பதும் இதுவே. வந்தாரை வாழவைக்கும் தமிழகம் என்று மேடைதோறும் முழங்குகிறோம். அந்த வாக்கியத்தைச் சட்டப் புஸ்தகத்தில் ஏற்றச் செய்வது நம் பிரதிநிதிகளின் கடமை. அவர்களை ஓயாது கேட்டுக்கொண்டிருப்பது நமது கடமை.