கரம் தீர்த்த கதை – 14
ஏணிக்காணம்

போன வாரம் பனச்சமூட்டில் நிறுத்தியது நினைவிருக்கும். இல்லாதவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளுங்கள். இந்த வாரம் ஒன்றிய வரியைத் தேடி நாடாளுமன்றத்துக்குள் நுழைவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். கிளம்பவும் செய்தேன். காட்டாக்கடையில் ஒரு ஸ்கூட்டர் வழிமறித்துவிட்டது.

ரப்பர் பால்வெட்டுக்காரர் ஒருவரின் ஸ்கூட்டர். ஹேண்டிலில் தொங்கிய பையில் வெட்டுக்கத்தி, நெற்றியில் கட்டும் விளக்கு. இருட்டோடு இருட்டாக இரண்டு தோட்டம் ஓடி வெட்டிவிட்டு, பாலெடுக்க மறுபடி ஓடவேண்டும். எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் பெட்ரோல் லிட்டருக்கு ஐந்தாறு ரூபாய் குறைவாயிற்றே, அங்கே போய் அடிக்கக்கூடாதா என்று கேட்டேன்.

"பாறசாலைக்காரன் களியக்காவிளையில போய் அடிப்பான், அவனுக்கு லாபம். நான் போயிட்டு வர எண்ணெய யாரு தருவா அண்ணா?"

கணக்கு சரிதான். ஐந்து லிட்டர் டேங்கில் மிஞ்சுவது முப்பது ரூபாய். காட்டாக்கடையிலிருந்து எல்லைக்குப் போய்வர ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர். அதற்கே ஒரு லிட்டர் பக்கம் குடித்துவிடும்.

இந்த வித்தியாசத்துக்குக் காரணம் இரண்டு சட்டமன்றங்கள். 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டு பட்ஜெட்டில் பெட்ரோல் வரி 3 ரூபாய் குறைந்தது. 13 சதவீதமும் லிட்டருக்கு 11 ரூபாய் 52 பைசாவும் என்றானது. கேரளத்தில் 30.08 சதவீதம், அதன்மேல் கூடுதல் வரி ஒரு ரூபாய், ஒரு சதவீத செஸ். போதாதென்று 2023 பிப்ரவரி 3 அன்று நிதியமைச்சர் கே.என். பாலகோபால், பெட்ரோல் டீசல் இரண்டுக்கும் லிட்டருக்கு 2 ரூபாய் சமூகப் பாதுகாப்பு செஸ் அறிவித்தார். எதிர்பார்த்த வரவு 750 கோடி. எதிர்க்கட்சி எம்.எல்.ஏ.க்கள் நால்வர் சட்டமன்ற வாசலில் சத்தியாகிரகம் உட்கார்ந்தார்கள். ஒன்றிய அரசு கையை இறுக்குகிறது, ஓய்வூதியத்துக்குப் பணம் வேண்டும் என்றார் அமைச்சர்; செஸ்ஸைக் குறைக்கவில்லை. ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

பால்வெட்டுக்காரரின் அம்மாவுக்கு அன்று மாதம் 1600 ரூபாய் ஓய்வூதியம். மகன் தினம் ஒரு லிட்டர் போட்டால் செஸ் மாதம் 60 ரூபாய். இதில் அநியாயம் என்ன என்று கேட்டால் என்னிடம் முதலில் பதில் இல்லை. ஆனால் செஸ் பெட்ரோல் பங்கில் அன்றன்றைக்கே பிடிக்கப்பட்டது. ஓய்வூதியமோ 2024 தொடக்கத்தில் மாதக்கணக்கில் நிலுவையில் கிடந்தது. வாங்குகிற கை சுறுசுறுப்பு, கொடுக்கிற கைக்கு மட்டும் வாதம்.

இங்கேதான் நான் தடம் மாறினேன். 'செஸ்' என்ற சொல்லுக்குப் பழைய சொல் ஏதாவது கிடைக்குமா என்று துழாவியபோது தரிசாப்பள்ளிச் செப்பேடு கைக்கு வந்தது. கி.பி. 849. வேணாட்டு அய்யனடிகள் திருவடிகள், கொல்லத்தில் மார் சபீர் ஈசோ எழுப்பிய தரிசாப்பள்ளிக்கு வழங்கியது. வட்டெழுத்து. சாட்சிக் கையெழுத்துகளில் அரபி இருக்கிறது, பாரசீகம் இருக்கிறது, எபிரேய எழுத்தும் இருக்கிறது. மொழி தமிழா மலையாளமா என்ற சண்டைக்கு நான் வரவில்லை.

பள்ளிக்கு விடப்பட்ட ஈழவக் குடிகளிடம் என்னென்ன வாங்கக்கூடாது என்று அதில் பட்டியல் வருகிறது. அதில் ஒன்று ஏணிக்காணம். ஏணிக்கு வரி! மரமேறுகிறவன் சாய்த்து வைக்கிற ஏணிக்கு! கூடவே வருவது தளைக்காணம். சிலர் தலைக்காணம் என்று வாசிக்கிறார்கள். தளை என்றே கொண்டால் காலில் மாட்டும் நார்வளையம். நம் பக்கத்துப் பனையேறிகளுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. தளைநார், முருக்குத்தடி, பாளையருவாள், அருவாப்பெட்டி, இவ்வளவுதான் அந்தத் தொழிலின் மூலதனம். அக்கானி இறங்கியதா, கலயம் காலியா என்று யாரும் பார்க்கப்போவதில்லை. ஏணி இருந்தால் காணம் உண்டு. இந்த ஒரு சொல்லுக்காக மூன்று நாள் தூக்கம் போயிற்று. வீட்டில் எல்லோரிடமும் சொல்லிப் பார்த்தேன், காப்பி ஆறிப்போனதுதான் மிச்சம்.

ஸ்கூட்டர் டேங்கில் விழும் 2 ரூபாயும் அதே சாதிதான். அன்று மழை பெய்து வெட்டு நடக்கவில்லை என்றாலும் தோட்டம் வரை போய்த் திரும்பிய எண்ணெய்க்கு வரி தீர்த்தாயிற்று. வருமானத்தைப் பார்த்துப் போடும் வரியல்ல, தொழிலுக்குக் கால் எடுத்து வைப்பதற்கான வரி. கொல்லத்துக் குடிகளுக்காவது செப்பேட்டில் விலக்கு வெட்டினார்கள்.

ஆசிரியர் இரண்டாம் முறை கூப்பிட்டுவிட்டார், பக்கம் முடிகிறது. நாடாளுமன்றம் அடுத்த வாரம், சத்தியமாக. 2022 மே மாதக் குறைப்புக்குப் பின் பெட்ரோலுக்கு ஒன்றிய வரி லிட்டருக்கு 19 ரூபாய் 90 பைசாவாக இருந்தது. அதில் மாநிலங்களோடு பங்கிடும் தொகுப்புக்கு வந்தது 1 ரூபாய் 40 பைசா மட்டும். மிச்சம் 18 ரூபாய் 50 பைசாவுக்கு என்னென்ன பெயர் வைத்தார்கள் என்பதே ஒரு அத்தியாயம்.

அதற்குள் ஓர் உதவி. நெய்யாற்றின்கரை, விளவங்கோடு பக்கத்து வாசகர்கள் வீட்டுப் பரணில் பனைக்கோ ஏணிக்கோ வலைக்கோ கரம் தீர்த்த பழைய ரசீது ஏதும் இருந்தால், அலுவலக முகவரிக்கு நகல் அனுப்புங்கள். மூலத்தை அனுப்பவேண்டாம், என் மேஜையை நானே நம்புவதில்லை.