நிலவறையில் நன்னீர்த் திருக்கை வளர்ப்பு

வீட்டளவில் அலங்கார மீன் வளர்ப்பது நம் நாட்டில் இன்று சிறுதொழிலாகவே வளர்ந்துவிட்டது. கொல்கத்தா, மும்பை, சென்னை ஆகிய நகரங்களைச் சுற்றிப் பல குடும்பங்கள் கப்பி, மோலி, தங்கமீன் போன்றவற்றை வளர்த்து வருவாய் ஈட்டுகின்றன. இத்துறையில் அனுபவம் பெற்ற சிலருடைய கவனம் அண்மைக் காலத்தில் விலை மிகுந்த நன்னீர்த் திருக்கைகளின்பால் திரும்பியுள்ளது. மேலைநாடுகளில் வீட்டின் நிலவறையையே இவற்றின் இனப்பெருக்கக் கூடமாக அமைத்துக்கொள்வோர் உள்ளனர். இம்முறையின் அடிப்படைகள் யாவை, நம் நாட்டில் இதனை மேற்கொள்வோர் எவற்றை முன்கூட்டியே தீர்த்துக்கொள்ள வேண்டும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கடலை மறந்த மீன்

திருக்கை என்றதும் கடலே நினைவுக்கு வரும். ஆனால் தென் அமெரிக்காவின் அமேசான், ஒரினோக்கோ, பரானா போன்ற ஆற்றுப் படுகைகளில் நன்னீரில் மட்டுமே வாழும் திருக்கைக் குடும்பம் ஒன்று உண்டு. கடல் திருக்கைகளும் சுறாக்களும் யூரியாவை இரத்தத்தில் தேக்கி, உப்புநீரின் தாக்கத்தைச் சமன் செய்கின்றன. ஆற்றுத் திருக்கைகளோ அத்திறனை இழந்துவிட்டன. அவை இனிக் கடலுக்குத் திரும்ப இயலாது.

வளர்ப்போரிடையே பரவலாக அறியப்பட்டவை இரண்டு இனங்கள். ஒன்று, உடலில் செம்மஞ்சள் வளையங்கள் கொண்ட பொட்டாமோட்ரைகான் மோட்டோரோ. மற்றொன்று, கருநிற உடலில் வெண்புள்ளிகள் கொண்ட பொட்டாமோட்ரைகான் லியோபோல்டி. 1970இல் அறிவியல் பெயர் பெற்ற இவ்வினம் பிரேசிலின் ஷிங்கு ஆற்றுப் படுகையில் மட்டுமே இயற்கையாக வாழ்கிறது. அதே ஆற்றில் 2016இல் மின் உற்பத்தியைத் தொடங்கிய பெலோ மான்டி அணை நீரோட்டத்தையே மாற்றியுள்ளது. ஓர் ஆற்றுக்கே உரிய உயிரினத்துக்கு வேறு புகலிடம் இல்லை என்பதை இங்கு கருத வேண்டும்.

இத்திருக்கைகள் முட்டையிடுவதில்லை, குட்டி ஈனுகின்றன. கருப்பையின் உட்சுவரில் சுரக்கும் பால் போன்ற நீர்மத்தை உண்டு கரு வளர்கிறது. வளர்ப்பு நிலையில் கருக்காலம் பொதுவாக மூன்று மாத அளவினது. ஓர் ஈற்றில் கிடைப்பவை சில குட்டிகளே. ஆயிரக்கணக்கில் முட்டையிடும் கெண்டையைப் போலன்றி, இவற்றை ஆற்றிலிருந்து மிகுதியாகப் பிடித்தால் இழப்பு எளிதில் ஈடாகாது. எனவே வீட்டில் பிறந்த குட்டி விற்பனைக்கு வருமானால், ஆற்றில் ஒரு மீன் பிடிபடாமல் தப்பக்கூடும். இத்தொழிலுக்கு ஏதேனும் பொதுநலப் பயன் உண்டெனில் அது இதுவே.

நிலவறை ஏன்?

திருக்கை அடித்தரையில் படிந்து வாழும் மீன். அதற்கு ஆழம் தேவையில்லை, பரப்பே தேவை. ஓர் ஆணும் இரு பெண்ணும் கொண்ட இனப்பெருக்கக் குழுவுக்கு 3 மீட்டர் நீளமும் 1.5 மீட்டர் அகலமும் உள்ள தொட்டியை எடுத்துக்கொள்வோம். நீரின் உயரம் 50 சென்டிமீட்டர் எனில் கொள்ளளவு 2,250 லிட்டர். அதாவது நீரின் எடை மட்டுமே 2.25 டன், ஒவ்வொரு சதுர மீட்டரின் மீதும் 500 கிலோ சுமை.

குடியிருப்பு அறைகளின் தளத்திற்கு இந்தியத் தர நிர்ணயம் கணக்கில் கொள்ளும் பயன்பாட்டுச் சுமை சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 200 கிலோவே. ஆகவே இத்தொட்டியை மாடியறையில் வைப்பது ஆபத்தை அழைப்பதாகும். நிலத்தின் மீதே அமைந்த தளம் இச்சுமையைத் தாங்கவல்லது. மேலும், நிலவறையில் வெப்பநிலை பகலிரவு பெரிதும் மாறுவதில்லை. நேரடி வெயில் படாததால் பாசியும் குறைவு. ஆள் நடமாட்டம் குறைவாதலால் மீன்கள் கலவரமடைவதில்லை.

ஆயினும் நிலவறைக்கே உரிய குறைகளும் உண்டு. கழிவுநீர் தானே வடியாது. தேக்கக்குழி அமைத்து, மின்னேற்றி வழியே மேலேற்ற வேண்டும். மழைக்காலத்தில் தெருச் சாக்கடை நீர் உட்புகாதபடி அக்குழாயில் எதிரோட்டத்தைத் தடுக்கும் வால்வு பொருத்துவது இன்றியமையாதது. 2024 ஜூலை 27ஆம் நாள் தில்லியின் பழைய ராஜேந்திர நகரில், பயிற்சி மையம் ஒன்றின் நிலவறையில் மழைவெள்ளம் புகுந்து மூன்று மாணவர்கள் உயிரிழந்தனர். நிலவறையை எதற்குப் பயன்படுத்தலாம் என்பதற்கு உள்ளாட்சி அமைப்பின் விதிகள் உள்ளன. அனுமதி பெறுவது வெறும் சடங்கன்று என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

நீரே முதன்மை

மீன் வெளியேற்றும் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகிறது. ஒருவகை நுண்ணுயிர்கள் அதனை நைட்ரைட்டாகவும், வேறு சில நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. முதலிரண்டும் திருக்கைக்கு நஞ்சு. அவற்றின் அளவு சுழியமாக இருக்க வேண்டும். புதிய வடிகட்டியில் இந்நுண்ணுயிர்கள் போதிய அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை ஆகும். தொட்டி நிரம்பிய மறுநாளே மீனை விட்டுவிட்டு, சில நாட்களில் அது இறந்தபின் நோயைக் குறை கூறுவது தொடக்க நிலையினர் பலரும் செய்யும் தவறு.

நீரின் வெப்பம் 26 முதல் 28 டிகிரி செல்சியஸ் வரை இருத்தல் நலம். நீர் சற்றே அமிலத்தன்மையோ நடுநிலையோ கொண்டிருக்கலாம். நகராட்சி நீரில் கலந்துள்ள குளோரினை நீக்கிய பின்னரே தொட்டியில் சேர்க்க வேண்டும். வாரந்தோறும் மூன்றில் ஒரு பங்கு நீரை மாற்றினால், மேற்கூறிய தொட்டிக்கு 750 லிட்டர் தேவை. கோடையில் இந்நீர் எங்கிருந்து கிடைக்கும் என்ற வினாவுக்கு விடையில்லாத வீட்டில் இத்தொழிலைத் தொடங்குதல் தகாது. மருந்து கலவாத கழிவுநீர் தோட்டத்துக்கு நல்ல உரமாகும்.

தரையில் மென்மணல் பரப்பலாம். கூரிய கற்கள் கூடா. வெப்பமூட்டியின் மீது திருக்கை படிந்து தோல் வெந்துபோவதுண்டு. எனவே அதனைக் காப்புறையுள் வைக்க வேண்டும். ஈரம் மிகுந்த இடமாதலால், மின்கசிவு ஏற்பட்டவுடன் இணைப்பைத் துண்டிக்கும் கருவியும் முறையான நிலத்தொடர்பும் கட்டாயம் தேவை. மின்தடையின்போது காற்றூட்ட மின்கலத்தில் இயங்கும் கருவி வேண்டும். எரிபொருள் மின்னாக்கியை நிலவறைக்குள் ஒருபோதும் இயக்கலாகாது. அதன் நச்சுப்புகை உயிரைக் குடிக்கும்.

இனப்பெருக்கமும் பராமரிப்பும்

ஆண் மீனை அதன் இடுப்புத் துடுப்புகளின் அருகேயுள்ள இரு நீண்ட உறுப்புகளால் எளிதில் இனங்காணலாம். கூடும்போது ஆண் பெண்ணின் உடல் விளிம்பைக் கடித்துப் பற்றுகிறது. காயம் மிகுந்தால் ஆணைப் பிரித்து வைக்க வசதியாக இரண்டாவது தொட்டி முன்கூட்டியே இயங்கிக்கொண்டிருக்க வேண்டும். குட்டிகளை வளர்க்க மூன்றாவது தொட்டி தேவை. இறால், மண்புழு, மீன்துண்டு ஆகியவற்றை மாற்றி மாற்றி அளிப்பது நன்று. குட்டிகளுக்குச் சிறு புழுக்களும் நறுக்கிய மண்புழுவும் ஏற்றவை.

வெவ்வேறு இனங்களைக் கலந்து புதுவகைக் குட்டிகளைப் பெறும் வழக்கம் சில இடங்களில் உள்ளது. இதனால் எந்த இனமும் காக்கப்படுவதில்லை. தாய், தந்தை, பிறந்த நாள், விற்பனை ஆகியவற்றைக் குறிக்கும் பதிவேடு ஒவ்வொரு கூடத்திலும் இருத்தல் வேண்டும்.

வாலில் உள்ள முள்ளின் ஓரம் அரம் போன்றது. அதனைச் சூழ்ந்த திசு நஞ்சுடையது. குத்துப்பட்ட இடத்தை, தோல் வெந்துவிடாத அளவுக்கு, அதாவது 45 டிகிரி வரை சூடான நீரில் அமிழ்த்தினால் வலி தணியும். எனினும் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். குழந்தைகள் நுழைய இயலாதபடி அறைக்குப் பூட்டு அவசியம்.

சட்டமும் ஆறுகளும்

அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை முறைப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் மூன்றாம் இணைப்பில், பிரேசில், கொலம்பியா நாடுகளின் முயற்சியால் ஆற்றுத் திருக்கைகள் பல 2017இல் சேர்க்கப்பட்டன. 2022இல் பனாமாவில் கூடிய மாநாடு லியோபோல்டி உள்ளிட்ட ஏழு இனங்களை இரண்டாம் இணைப்புக்கு உயர்த்தியது. அதே ஆண்டு திருத்தப்பட்ட நம் வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் நான்காம் அட்டவணையில் அடங்கும் உயிருள்ள விலங்குகளை வைத்திருப்போர் அதனை அறிவித்துப் பதிவு செய்ய வேண்டும். பிறப்பு, இறப்பு, கைமாற்றம் ஆகியவற்றையும் தெரிவிக்க வேண்டும். இதற்கான விதிகள் 2024இல் வெளியிடப்பட்டன. கங்கைத் திருக்கை எனப்படும் நம் நாட்டு இனம் 2001இலேயே முதல் அட்டவணையில் இடம்பெற்றது. அதனைப் பிடிப்பதே குற்றம்.

சட்டத்தினும் முதன்மையானது ஒன்று உண்டு. வளர்க்க இயலாத மீனை ஆற்றிலோ ஏரியிலோ விடலாகாது. 1982இல் இட்டைப்பு அணையின் நீர்த்தேக்கம் பரானா ஆற்றின் செட்டி கெடாஸ் அருவிகளை மூழ்கடித்தது. அதுவரை இயற்கைத் தடையாக நின்ற அருவி மறைந்ததும், கீழாற்றுத் திருக்கைகள் மேலாற்றில் பரவின. அங்கு நீராடுவோரும் மீன்பிடிப்போரும் முன்பு அறிந்திராத முட்காயங்களுக்கு ஆளாயினர். சிங்கப்பூரின் மேல் செலிட்டார் நீர்த்தேக்கத்திலும் மோட்டோரோ இனம் நிலைகொண்டுவிட்டது. அங்கு அதனைக் கொண்டுசேர்த்தது மனிதர் கையே. முழங்கால் நீரில் நின்று மீன் பிடிக்கும் நம் நாட்டு மக்களுக்கு இது நேர்ந்தால் விளைவு என்னவாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

படிப்படியான முயற்சி

2020இல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டம் வீட்டுப் புறக்கடை அலங்கார மீன் கூடங்களுக்கும் உதவ வகை செய்தது. அலகொன்றின் மதிப்பு 3 லட்சம் ரூபாய் எனக் கொண்டு, பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதமும், பெண்களுக்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் 60 சதவீதமும் மானியம் வகுக்கப்பட்டது. இத்தகைய உதவியை நாடுவோர் முதலில் கப்பி, மோலி போன்ற எளிய குட்டி ஈனும் மீன்களில் கைதேர்வதே முறை. திருக்கையை வாங்குவோர் சிலரே. குட்டிகள் விலைபோகாவிடில் அவற்றுக்கும் இடமும் உணவும் அளிக்க வேண்டியவர் வளர்ப்பவரே.

கடன் விண்ணப்பத்தை ஆராயும் அலுவலர் மீனின் விலையைக் கேட்பதற்கு முன், தளத்தின் வலிமை, நீரின் வரத்து, கழிவின் போக்கு, மின்தடைக்கு மாற்று, பதிவுச் சான்று ஆகிய ஐந்தையும் கேட்பாராக. இவ்வைந்தும் அமைந்து, வடிகட்டியும் முதிர்ந்த பின்னர் வந்து சேர வேண்டியது மீன். இம்முறைமையைப் பின்பற்றினால் வீட்டுக்கு வருவாயும், தொலைதூர ஆறுகளுக்குச் சிறிது ஓய்வும், நம் ஆறுகளுக்குப் பாதுகாப்பும் ஒருங்கே கிட்டும்.