அழிச்ச ஃபைல் எங்க போச்சு?

லினக்ஸில் ரூட் பார்ட்டிஷன் 100% ஆகிட்டுது என்றால், முதலில் ரெண்டு கமாண்டை ஓட்டிப் பாருங்கோ: டிஎஃப், டியூ. டிஎஃப் ஃபைல் சிஸ்டத்தையே நேரடியாகக் கேட்டுச் சொல்லும். டியூ ஃபோல்டர் ஃபோல்டராகப் போய்க் கூட்டிப் பார்க்கும். ரெண்டும் ஏறக்குறைய ஒத்துப்போனால் வேலை சுலபம். பழைய ஜர்னல் லாக், ஏபிடி கேஷ், பாவிக்காத டாக்கர் இமேஜ் என்று கழிச்சுக்கொண்டே போகலாம். (பழைய கெர்னலை மட்டும் கையால அழிக்காதீங்கோ, 'ஏபிடி ஆட்டோரிமூவ்' அதைப் பார்த்துக்கொள்ளும்.)

ஒத்துப்போகாட்டித்தான் கதை.

ஒரு மளிகை மொத்த வியாபாரத்தின் சர்வர். வெள்ளிக்கிழமை பின்னேரம், கடைகளிலிருந்து ஆர்டர் வந்துகொண்டிருக்கு. 40 ஜிபி பார்ட்டிஷன் நிரம்பி, டேட்டாபேஸ் எழுத மறுத்துவிட்டது. அங்கே வேலை செய்யிற ஒருவர் 21 ஜிபி லாக் ஃபைலை ஏற்கனவே அழிச்சிட்டார். ஆனாலும் டிஎஃப் 100% என்றே நிற்குது. டியூ கூட்டினால் வெறும் 17 ஜிபி!

லினக்ஸில் ஃபைலை அழிப்பது என்றால் அதன் பெயரை எடுப்பது மட்டும்தான். ஏதாவது ஒரு ப்ராசஸ் அதைத் திறந்து வைத்திருக்கும்வரை இடம் விடுபடாது. 'எல்எஸ்ஓஎஃப் +எல்1' என்று அடிச்சால், பெயர் போயும் திறந்தே கிடக்கிற ஃபைல்கள் தெரியும். பிடித்து வைத்திருந்தது ஆர்டர் எடுக்கிற சர்வீஸ்தான்.

முதலாளி அக்கா ஃபோனில், "தம்பி, ஒருக்கா ஓஃப் பண்ணி ஓன் பண்ணட்டோ?" என்றார். ரீபூட் செய்தால் இடம் கிடைக்கும், உண்மைதான். ஆனால் டேட்டாபேஸில் ஏறாத ஆர்டர் எல்லாம் அந்த சர்வீஸின் மெமரியில் காத்துக்கொண்டிருந்தது. ஓஃப் பண்ணினால் அதுவும் போயிடும். சனி விடிய லொறியில் எதை ஏத்துறது?

"தொடாதீங்கோ அக்கா" என்றேன்.

ப்ராக் ஃபோல்டருக்குள் ஒவ்வொரு ப்ராசஸுக்கும் 'எஃப்டி' என்று ஒரு ஃபோல்டர் இருக்கு. அது திறந்து வைத்திருக்கிற ஃபைல்கள் எல்லாம் அங்கே நம்பரோடு நிற்கும். அந்த லாக்கின் நம்பரைப் பிடித்து, அதற்குள் வெறுமையை எழுதினேன். சர்வீஸ் நிற்கவேயில்லை. டிஎஃப் 45%க்கு இறங்கியது, ஆர்டர்கள் ஒவ்வொன்றாக ஏறத் தொடங்கின.

ஈஎக்ஸ்டி4 சும்மா விட்டால் 5% இடத்தை ரூட்டுக்கென்று ஒதுக்கி வைக்கும். சின்ன டிஸ்க்கில் அது வீண் என்று சிலர் குறைப்பார்கள். ரூட் பார்ட்டிஷனில் நான் கை வைக்கமாட்டேன்.

இப்போ அந்த லாக்குக்கு லாக்ரொட்டேட்டில் 'காப்பிட்ரங்கேட்' போட்டிருக்கு. 80% தாண்டினால் எனக்கு மெசேஜ் வரும்.