கடலோர லாயம் – 4: உப்புத் தண்ணீர் வைத்தியம்

ஆறாயிரம் கினி கொடுத்து வாங்கிவந்த குதிரை, கடற்கரைக்குக் கூட்டிப்போன முதல் காலையிலேயே நொண்டியது.

1972 ஆகஸ்ட். இங்கிலாந்தின் வடமேற்குக் கரையில் இருக்கும் சவுத்போர்ட். டான்காஸ்டர் ஏலத்தில் அந்தக் குதிரையை எடுத்தவர் ஜிஞ்சர் மெக்கெய்ன். பழைய கார்களை வாங்கி விற்று, டாக்ஸியும் ஓட்டி, கார்க் கடைக்குப் பின்னாலேயே லாயம் வைத்திருந்தாரே, அவர்தான். பணம் அவருடையதல்ல. சனிக்கிழமை இரவுகளில் அவர் டாக்ஸியில் ஏறும் நோயல் லெ மேர் என்ற பெரியவருடையது. எண்பதைத் தாண்டிய அந்த மனிதருக்கு இளவயது முதல் மூன்று ஆசைகள்: அழகான பெண்ணை மணக்க வேண்டும், கோடீஸ்வரர் ஆக வேண்டும், கிராண்ட் நேஷனல் பந்தயத்தை ஜெயிக்க வேண்டும். முதல் இரண்டும் கைகூடிவிட்டன. மூன்றாவதற்காக வாங்கிய குதிரைதான் இப்போது காலை ஊன்ற முடியாமல் நிற்கிறது. பெயர் ரெட் ரம்.

குதிரையை லாயத்துக்குத் திருப்பி ஓட்டச் சொல்லவில்லை மெக்கெய்ன். கடலுக்குள் இறக்கச் சொன்னார். முழங்காலுக்கு மேல் தண்ணீர் இருக்கும்படி நடக்கவிட்டு, பிறகு கரையேற்றிப் பார்த்தால் நொண்டல் இல்லை.

இது அதிர்ஷ்டம் அல்ல. சவுத்போர்ட்டில் பிறந்து வளர்ந்தவர் அவர். அந்தக் காலத்தில் அந்தக் கரையில் இறால் பிடிப்பவர்கள் குதிரை வண்டியைக் கடலுக்குள்ளேயே ஓட்டிப்போய் வலை இழுப்பார்கள். கால் கெட்டுப்போன குதிரைகள்கூட அந்த வேலையில் தேறிவிடுவதைச் சிறுவயதிலேயே பார்த்தவர். ரெட் ரம்முக்கு இருந்தது பெடல் ஆஸ்டைட்டிஸ், அதாவது குளம்புக்குள் இருக்கும் எலும்பில் அழற்சி. பந்தயக் குதிரைக்கு வந்தால் பல பயிற்சியாளர்கள் கைவிட்டுவிடும் நோய். குளிர்ந்த கடல்நீர் சூட்டை இறக்கும். ஈர மணல் குளம்பை அடிக்காமல் தாங்கும். கால் சுளுக்கினால் கல்லுப்புத் தண்ணீரில் வைக்கச் சொல்லும் நம் பாட்டிமார்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

பெரிய பயிற்சியாளர்களுக்குப் பரந்த புல்வெளிகள் இருந்தன. மெக்கெய்னுக்கு இருந்தது அலை பின்வாங்கிய மணல். வண்டியின் பின்னால் பரம்பு கட்டி இழுத்து, மணலைக் கிளறிச் சமப்படுத்திவிட்டுத்தான் குதிரைகளை ஓடவிடுவார். தெருவழியாக, கார்களுக்கு நடுவே தினமும் கடலுக்கு நடந்துபோன குதிரை எதற்கும் மிரளாமல் பழகிவிட்டது. வசதியின்மை என்று மற்றவர்கள் நினைத்ததுதான் இந்த லாயத்தின் மூலதனம் என்பேன்.

அந்த இலையுதிர் காலத்தில் ரெட் ரம் தொடர்ந்து ஐந்து பந்தயங்களை ஜெயித்தது. அதற்கு முன் நான்கு பயிற்சியாளர்களின் கை மாறி வந்த குதிரை அது. மெக்கெய்னோ, உரிமம் வாங்கிப் பல வருடம் ஒரு வெற்றிக்காகக் காத்திருந்தவர். அந்தக் குறுகிய முற்றத்தில் என்ன பேச்சு நடந்திருக்கும் என்று ஊகிக்கலாம்.

ஆனால் நேஷனல் வேறு ஜாதிப் பந்தயம். கிண்டியில் நாம் பார்த்ததெல்லாம் தடையில்லாத சமதள ஓட்டம். லிவர்பூலுக்குப் பக்கத்தில் உள்ள எயின்ட்ரீயிலோ அன்று 7 கிலோமீட்டருக்கும் மேல் ஓட வேண்டியிருந்தது, 30 முறை தாண்ட வேண்டியிருந்தது. பீச்சர்ஸ் புரூக் என்ற தடையில் தாண்டுகிற பக்கத்தைவிட இறங்குகிற பக்கம் பள்ளம். காற்றில் இருக்கும்போதுதான் குதிரைக்கே அது தெரியும். இந்தத் திடலில் குதிரைகள் செத்திருக்கின்றன. ஒரு லாயம் நம்பிக்கையோடு குதிரையை அனுப்புகிறது என்றால், அது முழுசாகத் திரும்ப வேண்டும் என்ற வேண்டுதலும் கூடவே போகிறது. இதை மறந்துவிட்டு இந்தப் பந்தயத்தைக் கொண்டாட எனக்கு மனம் வருவதில்லை.

இன்னொரு சந்தேகமும் இருந்தது. ரெட் ரம்மை வளர்த்தவர்கள் அதைக் குறுந்தூர ஓட்டக்காரனாகத்தான் எண்ணியிருந்தார்கள். 1967-ல் அதன் முதல் பந்தயம் வெறும் ஒரு கிலோமீட்டர். இன்னொரு குதிரையோடு சமமாக முதலிடம். அது நடந்த இடமும் இதே எயின்ட்ரீ.

1973 நேஷனலில் எதிரே நின்றது கிரிஸ்ப். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த பிரம்மாண்டமான கருங்குதிரை; புகழ்பெற்ற ஃபிரெட் வின்டரின் லாயம். திறமையை மட்டும் வைத்துச் சொன்னால் கிரிஸ்ப்தான் மேல். ஆனால் நேஷனலில் உயர்ந்த குதிரைக்குச் சுமையும் உயர்வு. சேணத்தில் ஈயத்தகடு வைத்தாவது கணக்கைச் சரிக்கட்டுவார்கள். ஜாக்கியோடு சேர்த்துக் கிரிஸ்ப்புக்கு 12 ஸ்டோன், அதாவது 76 கிலோ. ரெட் ரம்முக்கு 10 ஸ்டோன் 5 பவுண்டு. வித்தியாசம் 23 பவுண்டு, பத்துக் கிலோவுக்கு மேல்.

பத்துக் கிலோ முதல் தடையில் தெரியாது, இருபதாவதிலும் தெரியாமல் போகலாம். கடைசித் தடையைத் தாண்டிய பிறகும் எயின்ட்ரீயில் 450 மீட்டர் பாக்கி இருக்கும். தடையே இல்லாத அந்தப் புல்வெளியில்தான் பல நேஷனல்கள் கைமாறியிருக்கின்றன. 1956-ல் பிரிட்டிஷ் ராஜமாதாவின் குதிரை டெவன் லாக், யாரும் எட்டிப்பிடிக்க முடியாத தூரத்தில் முன்னே ஓடிவந்து, எல்லைக்குச் சற்று முன்பு வயிறு தரையில் படச் சரிந்ததும் அங்கேதான்.

மெக்கெய்னுக்குச் சாதகமாக இன்னொன்றும் அமைந்தது: தரை. ரெட் ரம்முக்குப் பிடித்தது இறுகிய நிலம். பந்தய வாரத்தில் எயின்ட்ரீயில் தரை இறுகிக் கிடந்தது. சேணத்தில் ஏறப்போகும் பிரையன் ஃபிளெட்சர், 1968-ல் ரெட் அலிகேட்டர் என்ற குதிரையில் இதே பந்தயத்தை ஜெயித்தவர், வழி தெரிந்தவர்.

1973 மார்ச் 31, சனிக்கிழமை. 38 குதிரைகள் புறப்படத் தயாராக நின்றன. வின்டரின் கருங்குதிரைக்கும் கார்க் கடைக்குப் பின்னாலிருந்து வந்த நொண்டிக் குதிரைக்கும் புக்கிகள் வைத்திருந்த விலை ஒன்றுதான்: ஒன்றுக்கு ஒன்பது.

(தொடரும்)