சுனாமிப் பணம் எங்கே தடைப்பட்டது?

டிசம்பர் 26 நெருங்குகிறது. சுனாமி பற்றி வரும் கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கேள்வியைக் கேட்கின்றன: 2005இல் சுனாமி உதவியைப் பகிர இலங்கை அரசும் விடுதலைப் புலிகளும் ஒப்புக்கொண்ட பொதுக் கட்டமைப்பைத் தடுத்தது பிக்குகளா, நீதிமன்றமா? நினைவு நாளுக்கு முன் பதில் சொல்லிவிடுவது நல்லது.

அப்போதைய ஜனாதிபதி சந்திரிகாவின் அரசு அதை மனிதாபிமான ஏற்பாடு என்றது. அந்த விளக்கத்தை அப்படியே ஏற்க முடியாது. வடக்கு, கிழக்கின் ஆறு மாவட்டங்களுக்கான பிராந்தியக் குழுவில் பத்துப் பேர்: புலிகள் ஐவர், முஸ்லிம்கள் மூவர், அரசுத் தரப்பில் இருவர். எந்தக் கரையோரக் கிராமத்துக்கு முதலில் வீடு என்று தீர்மானிக்கும் இடத்தில் அரசியல் இல்லாமல் இருக்குமா? அதே வேளை, பத்தில் ஐந்து பெரும்பான்மை ஆகாது. நாடு பிரிகிறது என்று முழங்கிய ஜாதிக ஹெல உறுமயவுக்கு இந்தக் கணக்கு பொருட்டாகவே இருக்கவில்லை. 2004 தேர்தலில் ஒன்பது பிக்குகளை நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய கட்சி அது. அவர்களில் ஒருவரான ஓமல்பே சோபித தேரர் தலதா மாளிகை அருகே உண்ணாவிரதம் இருந்தார். கட்டமைப்பை எதிர்த்து ஜே.வி.பி.யின் 39 நாடாளுமன்ற உறுப்பினர்களும் ஆளும் கூட்டணியை விட்டு வெளியேறினார்கள். அப்படியும் ஜூன் 24இல் ஒப்பந்தம் கைச்சாத்தானது.

என்னை உறுத்துவது இதற்குப் பின் நடந்ததுதான். வெளிநாட்டு உதவி பிராந்திய நிதியம் ஒன்றில் சேரும், உலக வங்கி அதைப் பொறுப்பில் வைத்திருக்கும் என்பது ஏற்பாடு. ஜே.வி.பி. உறுப்பினர்கள் வழக்குப் போட்டார்கள். ஜூலை 15இல் உயர் நீதிமன்றம் ஒப்பந்தத்தை ரத்துச் செய்யவில்லை. அந்த நிதியத்தையும் கிளிநொச்சியில் அமையவிருந்த குழு அலுவலகத்தையும் இடைக்காலத் தடையால் நிறுத்திவைத்தது. காகிதத்தில் கட்டமைப்பு உயிரோடு இருந்தது. செலவழிக்கப் பணமும் இல்லை, கூடிப் பேச இடமும் இல்லை. பொதுப் பணத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்பது நியாயம். அதற்குக் கடுமையான கணக்காய்வு விதிகளைக் கேட்டிருக்கலாம். கூடாரங்களில் மக்கள் காத்திருந்தபோது நிதியத்தையே மூடிவைத்ததை என்னால் ஏற்க முடியவில்லை.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமான பதில்கள். பௌத்த பீடங்களின் தலைவர்களான மகாநாயக்க தேரர்கள்? எதிர்த்தார்கள்.

முஸ்லிம்கள்? குழுவில் ஆசனம் உண்டு, ஒப்பந்தத்தில் கையொப்பம் இல்லை.

அமெரிக்கா? புலிகளைத் தடைசெய்திருந்ததால் நிதியத்துக்கு நேரடியாகப் பணம் தர மறுத்தது.

பிறகு? கட்டமைப்பை எதிர்த்த ஜே.வி.பி., ஜாதிக ஹெல உறுமய ஆகிய இரு கட்சிகளின் ஆதரவோடு நவம்பரில் மகிந்த ராஜபக்ச ஜனாதிபதியானார். பிராந்திய நிதியம் ஒரு நாள்கூட இயங்கவில்லை.